பேரரசர் சொன்ன ஒரே வரி

பேரரசர் காலையிலேயே இறந்துவிட்டார். ஆனால் மதியம் வரைக்கும் அவர் சாகக் கூடாது என்று தலைமைச் செயலர் ஹெங் கியாவ் முடிவு செய்திருந்தார். காரணம் எளிது. இறுதி ஆணையை இன்னும் யாரும் எழுதவில்லை.

மூச்சு நின்றதும் இறந்தவருடைய அங்கியை எடுத்துக்கொண்டு ஓர் ஆள் கூரைமேல் ஏற வேண்டும். வடக்கே பார்த்து அதை வீசி, திரும்பி வாருங்கள் என்று மூன்று முறை கூப்பிட வேண்டும். உயிர் திரும்பி வந்தால் சரி. வராவிட்டால்தான் சாவு சாவாகும், அழுகை தொடங்கும். அன்று அந்த ஆள் அங்கியை மடியில் வைத்துக்கொண்டு ஏணியடியில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தான். ஏறு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. உள்ளே கட்டிலுக்கு அடியில் பனிக்கட்டித் தொட்டிகளை வைத்திருந்தார்கள். வழக்கம்போல் கஞ்சி உள்ளே போனது, காலிக் கிண்ணம் வெளியே வந்தது. குடித்தது ஹெங் கியாவ். இஞ்சி போதவில்லை என்று குறை வேறு சொன்னார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொருவர் மெங் ஷூ. ஆணைகள் எழுதுவது அவருடைய வேலை. தென்னாட்டு அரசவையில் பெரிய குலத்துக்காரர்கள் பதவியை வைத்துக்கொள்வார்கள். எழுதுவதற்கு மெங் ஷூ மாதிரிச் சின்னக் குலத்துக்காரர்களை வைத்துக்கொள்வார்கள். முப்பது ஆண்டுகளில் அவர் எழுதாத ஆணை இல்லை. வெள்ளம் வந்தால் பேரரசர் வருந்தியதும், விளைந்தால் பேரரசர் மகிழ்ந்ததும், மாமனாரைக் கொன்றபோது பேரரசர் மனம் நொந்ததும் எல்லாம் அவர் தூரிகையிலிருந்து வந்தவைதான்.

பேரரசர் கடைசியாகப் பேசியதை இந்த இரண்டு பேர்தான் கேட்டார்கள். வைத்தியர் மருந்தைச் சூடுபடுத்தப் போயிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணிப்போயிருந்தாலும் சொன்னது தெளிவாகவே வந்தது.

"அந்த மேற்குக் கூடத்துப் பொண்ணுங்க ஓயாம அழுவுதுங்க. காதே புண்ணாப் போச்சு. வீட்டுக்கு அனுப்பித் தொலைங்கடா."

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அப்படியே போய்விட்டார்.

மெங் ஷூவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பேரரசர் போய்விட்டாரே என்று அல்ல. மேற்குக் கூடத்தில் துணி தைக்கவும் விளக்கேற்றவும் கொண்டுவந்து அடைத்திருந்த நாற்பத்து மூன்று பெண்களில் ஒருத்தி அவருடைய மகள் ஆலுவான். பதினாலு வயதில் பட்டியலில் பெயர் வந்தது. சின்னக் குலத்துக்காரன் மகளை யார் விட்டுவைப்பார்கள்? மூன்று ஆண்டுகளாக ஒரே மதிலுக்குள் அப்பாவும் மகளும் இருந்தார்கள். ஒரு நாள்கூட முகம் பார்த்ததில்லை.

ஹெங் கியாவ் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"வாரிசு யாருன்னு சொன்னாரில்ல, கேட்டியா?"

"இல்லீங்களே. அதப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க."

"சொன்னாரு. நீ சரியாக் கேக்கல. சின்ன இளவரசர்னு சொன்னாரு."

சின்ன இளவரசருக்கு ஐந்து வயது. ஹெங் கியாவின் மடியில் உட்கார்ந்து அவர் தாடியை இழுத்து விளையாடுகிற பிள்ளை. மூத்த இளவரசருக்கு இருபத்தாறு வயது. ஆற்றின் மேற்கே படையோடு இருந்தார். ஹெங் கியாவைக் கண்டால் அவருக்கு ஆகாது. படை யாரிடம் இருந்தாலும், சவப்பெட்டியின் முன் மண்டியிட்டு இறுதி ஆணையைக் கையில் வாங்குகிறவர்தான் பேரரசர். அந்தக் காகிதம் இல்லாமல் அரியணையில் உட்கார்ந்தால் கொள்ளைக்காரனுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுவிடுவார்கள்.

மெங் ஷூ மஞ்சள் காகிதத்தை விரித்தார். மை அரைத்தார். பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு நிபந்தனை போட்டார்.

"எழுதிடறேங்க. ஆனா பொண்ணுங்கள வீட்டுக்கு அனுப்பற வரி அதுல இருக்கணும்."

ஹெங் கியாவ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ. உன் பொண்ணு உள்ள இருக்குல்ல? பேரென்ன?"

"ஆலுவான்."

"போட்டுக்கோ, போ. எல்லா ராஜாவும் சாகறப்ப சொல்றதுதானே? தங்கம் வெக்காதீங்க, பச்சை ஜேடு கல்லு வெக்காதீங்க, சிக்கனமாப் புதைங்க, பொண்ணுங்கள அனுப்பிடுங்க. சம்பிரதாயம். இருந்தா பாக்க லட்சணமா இருக்கும்."

"இது சம்பிரதாயம் இல்லீங்க. நெஜமாவே சொன்னாரு. நீங்களும் கேட்டீங்க."

"சரிய்யா, கேட்டேன். எழுது. பனிக்கட்டி உருகுது."

அங்கேதான் மெங் ஷூ தவறு செய்தார். பொய் எழுதியதைச் சொல்லவில்லை, அது உத்தியோகம். உண்மையை எழுதிய விதத்தைச் சொல்கிறேன். காது புண்ணாய்ப் போச்சு, தொலைங்கடா என்றெல்லாம் மஞ்சள் காகிதத்தில் எழுத முடியுமா? முப்பது ஆண்டாகப் பழகிய கை ஒப்புக்கொள்ளுமா? அது தன் வழியில் எழுதிக்கொண்டு போனது.

'மேற்குக் கூடத்து மகளிர் பெற்றோரைப் பிரிந்து இலையுதிர்காலங்கள் பல கண்டனர். பிறர் மகளைத் தன் மகளாக எண்ணாதவன் நாட்டுக்குத் தந்தையாவது எங்ஙனம்? அவர்களை அவரவர் இல்லம் சேர்ப்பீராக.'

அந்த இடத்தில் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தார். நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது. வெட்கக்கேடு, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முத்திரை வைத்ததும் ஆள் கூரை ஏறினான். வெயிலில் கிடந்த தொண்டை வறண்டுபோயிருந்ததால் மூன்றாவது கூப்பாடு பாதியில் உடைந்தது. துக்கம் தாங்காமல் உடைந்தது என்று கீழே நின்றவர்கள் நினைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்கள். ஆணையைப் படித்தபோது, 'நாட்டுக்குத் தந்தையாவது எங்ஙனம்' என்ற இடத்தில் பெரிய குலத்துக்காரர்கள்கூடச் துக்கத்துக்கு உடுத்திய சணல் துணியால் கண்ணைத் துடைத்தார்கள். ஐந்து வயதுப் பேரரசர் பசிக்கிறது என்றார்.

பதினைந்தாம் நாள் ஆலுவான் வீட்டுக்கு வந்தாள்.

பதினேழு வயதுக்கு அவள் குரல் தடித்துப்போயிருந்தது. கிழவி மாதிரி கரகரத்தது. குளிரில் கிடந்து தொண்டை கெட்டிருக்கும் என்று அம்மா பேரிக்காயை வேகவைத்துக் கொடுத்தாள். மகள் தின்றாள், தூங்கினாள், எழுந்து மறுபடியும் தின்றாள். அரண்மனையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே மெங் ஷூவுக்குப் போதுமாக இருந்தது. பேரரசர் உண்மையில் என்ன சொல்லி அவளை அனுப்பினார் என்பதை அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆணையில் இருப்பதையே சொன்னார்.

மனைவிதான் விடவில்லை. "மருந்துக்கடைக்காரர் பையன் சரின்னுட்டான். இந்த மாசமே முடிச்சிடுவோம். எனக்கு மனசே சரியில்ல."

"ஆணை எழுதுனவனே துக்கம் முடியறதுக்குள்ள வீட்ல கல்யாணம் வெச்சா ஊர் சிரிக்காதா? குளிர்காலம் வரட்டும்."

"அடக்கம் ஆனதும் யாரும் கல்யாணத்த நிறுத்த வேணாம்னு ஆணையிலயே இருக்கே. நீங்கதானே எழுதினீங்க?"

"அது சம்பிரதாயம்டி. எல்லா ஆணையிலயும் போடறது. அத நம்பி யாராவது கல்யாணம் பண்ணுவாங்களா?"

நம்பிப் பண்ணியவர்கள் இருந்தார்கள். வீடு திரும்பிய நாற்பத்து மூன்று பேரில் ஒன்பது பேருக்கு அந்த மாதமே கல்யாணம் முடிந்தது. அவர்களுடைய அப்பாக்கள் மீன்காரரும் குயவரும் படகோட்டியும். ஆணையில் எது சொல், எது அலங்காரம் என்று பிரித்துப் பார்க்கிற படிப்பு அவர்களுக்கு இல்லை.

இலையுதிர்காலக் கடைசியில் மூத்த இளவரசரின் படகுகள் ஆற்றில் இறங்கி வந்தன. மூன்று நாள் மதிலைக் காத்த ஹெங் கியாவ், நாலாம் நாள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத் தானே போய்க் கதவைத் திறந்தார். சின்னப் பேரரசர் காய்ச்சலில் இறந்தார் என்று அறிவிப்பு வந்தது. அதை எழுதியதும் மெங் ஷூதான். எழுதிவிட்டு வந்து இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார். மூன்றாம் நாள் ஹெங் கியாவ் ஆள் அனுப்பினார்.

பழைய அறை, பழைய மேசை, புதிய மஞ்சள் காகிதம்.

"உக்காருய்யா. உண்மையான இறுதி ஆணை கெடச்சிருச்சு."

"எங்கீங்க?"

"நீ எழுதினதும் கெடைக்கும். மறைஞ்ச பேரரசர் மூத்தவர் பேரத்தான் சொல்லியிருக்காரு. சதிகாரங்க மறைச்சிட்டாங்க."

"சதிகாரங்க யாருங்க?"

ஹெங் கியாவ் கொஞ்சம்கூடச் சிரிக்கவில்லை. "செத்தவங்க யாரையாவது போடு. பழைய ஆணை பொய். அதை வெச்சு நடந்ததெல்லாம் செல்லாது. குடுத்த பதவி செல்லாது, வெளிய விட்ட கைதி செல்லாது, அனுப்பின பொண்ணுங்க செல்லாது."

மெங் ஷூ மைக்கட்டியைக் கீழே வைத்தார்.

"ஐயா, பொண்ணுங்க வரி நெஜம். அது ஒண்ணுதான் நெஜம். இதுலயும் அதப் போட்டுக்கறேன். ரெண்டு ஆணையிலயும் இருந்துட்டுப் போகட்டுமே."

"உனக்கு மூள இருக்கா? ரெண்டு ஆணையிலயும் ஒரே வரி இருந்தா, ரெண்டும் ஒரே கை எழுதினதுன்னு பெரிய குலத்துக்காரன் ஒருத்தன் கண்டுபிடிக்க மாட்டானா? பொய் ஆணையில இருந்த எதுவும் இதுல இருக்கக் கூடாது. முக்கியமா அந்த வரி. நாடு பூரா பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்றாங்கய்யா அத. எவன் உன்ன அவ்வளவு அழகா எழுதச் சொன்னான்?"

"கைதிங்கள எப்படிங்க திரும்பப் பிடிப்பீங்க?"

"திருடன் எங்க போனான்னு எவனுக்குத் தெரியும்? பொண்ணுங்க எந்தத் தெரு, எந்த வீடுன்னு பட்டியல் இருக்கு. கல்யாணமானவங்கள விட்ருவோம், அடுத்த வீட்டுச் சொத்து, வம்பு வேணாம். உன் பொண்ணுக்கு ஆயிடுச்சில்ல?"

"குளிர்காலத்துக்குத் தள்ளி வெச்சேங்க," என்றார் மெங் ஷூ.

"அடப்பாவி," என்றார் ஹெங் கியாவ். அந்த ஒரு சொல்லில் உண்மையான இரக்கம் இருந்தது. அவரிடமிருந்து யாருக்கும் கிடைத்த இரக்கம் அவ்வளவுதான்.

மூத்த இளவரசரையே பார்க்க வேண்டும் என்று மெங் ஷூ காலில் விழுந்தார். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? ஹெங் கியாவ் கூட்டிக்கொண்டு போனார்.

மூத்த இளவரசர் சண்டைக் காலணியின்மேல் துக்கத் துணி உடுத்தியிருந்தார். திரைக்குப் பின்னால் வறுத்த மீன் வாசனை அடித்தது. துக்க நாளில் மீன் தின்னக் கூடாது என்பதால், வாசனை அடிக்கவில்லை என்பதுபோல் எல்லோரும் நின்றார்கள். அவர் கையில் பழைய ஆணை இருந்தது.

"இத எழுதினது நீதானா?"

"அடியேன்தான், பிரபு."

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா எங்கப்பன் பேசற மாதிரி ஒரு சொல்லுகூட இல்லியே."

"ஒரு வரி அவர் சொன்னதுதான், பிரபு. மேற்குக் கூடத்துப் பொண்ணுங்க வரி. அத மட்டும் காப்பாத்துங்க. உங்கப்பாவோட கடைசி ஆசை."

இளவரசர் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, மேடைக் கூத்தாடி மாதிரி குரலை இழுத்துப் படித்தார். "'பிறர் மகளைத் தன் மகளாக எண்ணாதவன்...' எங்கப்பனா? பெத்த பிள்ளையவே பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல அந்த ஆளு. டேய்னுதான் கூப்பிடுவாரு. யாருகிட்ட கதை விடற?"

மெங் ஷூ தலையைத் தரையில் வைத்தார். ஹெங் கியாவ் தொண்டையைக் கனைத்தார், வேண்டாம் என்று. ஆனால் மகள் முகம் கண்ணில் நிற்கும்போது எந்தக் கனைப்பு காதில் விழும்? பேரரசர் சொன்னதைச் சொன்னபடியே, அந்தக் கோணல் வாயின் குழறலோடு, 'தொலைங்கடா' வரைக்கும் சொன்னார்.

பிறகு இளவரசர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"இதான்! இதான்டா எங்கப்பன்! காதே புண்ணாப் போச்சா? சாகறப்பகூட எரிஞ்சு விழுந்திருக்காரு பாரு!" துக்கத் துணியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நொடியில் அவர் வெறும் பிள்ளையாக இருந்தார், அப்பா செத்துப்போன ஒரு பிள்ளை. பிழைத்தோம் என்று மெங் ஷூ நினைத்தார்.

"அப்புறம்?"

"பிரபு?"

"அப்புறம் என்ன சொன்னாரு? என்னைப் பத்தி?"

ஹெங் கியாவ் தரையில் பதித்த செங்கற்களை எண்ணுகிறவர்போலக் குனிந்துகொண்டார். பொய் சொல்லி முப்பது ஆண்டு பிழைத்த மெங் ஷூவுக்கு, வேண்டிய அந்த நொடியில் ஒரு பொய்யும் வாயில் வரவில்லை.

"சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு, பிரபு."

இளவரசர் ஆணையை நான்காக மடித்தார். அவசரமே இல்லாமல், ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தார்.

"அந்த வார்த்தைய இனி நீ எங்கயும் சொல்லக் கூடாது. வீட்லகூட. அத ஒருத்தன் கேட்டா, அப்புறம்னு கேப்பான். நான் கேட்டேன்ல, அந்த மாதிரி." குரல் இறங்கியிருந்தது. "அவரு என் பேரச் சொன்னாரு. நீ பக்கத்துல இருந்து கேட்ட. எழுது. அப்பா கல்லறையில விளக்கேத்த ஆளு வேணும். அந்தப் பொண்ணுங்க அங்க போகட்டும்."

"என் மக..."

"உன்னக் கொல்ல மாட்டேன். கொன்னா ஏதோ இருந்துச்சுன்னு ஊர் பேசும். பதவி ஏத்தித் தரச் சொல்றேன். போ."

மெங் ஷூ உட்கார்ந்து எழுதினார். மோசமாக எழுதலாம், அசிங்கமாக எழுதலாம், பார்த்தாலே பொய் என்று தெரிகிற மாதிரி எழுதலாம் என்று நினைத்தார். கைக்கு அது தெரியவில்லை. தந்தை மூத்த மகனை அழைத்த இடம் கல்லும் கரைகிற மாதிரி வந்தது. பெண்கள் பத்து நாளுக்குள் கல்லறைப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற இடமும் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. ஹெங் கியாவ் படித்துவிட்டு, முந்தையதைவிட இது பரவாயில்லை என்றார்.

அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்பே மனைவிக்குத் தெரிந்திருந்தது. பட்டியல் தெருத்தெருவாக வந்துவிட்டது. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த துணியைப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்போது பேரு தப்பிச்சிட்டாங்களாம். அவங்க அப்பனுக்கெல்லாம் சம்பிரதாயம் தெரியாது போல," என்றாள்.

மெங் ஷூ மகளின் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தார். புதிய பேரரசரின் முதல் கட்டளையை அன்றே மீறினார். அவர் வாழ்நாளில் செய்த கலகம் அது ஒன்றுதான், அதுவும் உதவாத கலகம். பேரரசர் சொன்னதை, சொன்னபடியே அவளிடம் சொன்னார்.

ஆலுவான் வாயைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள். பிறகு அந்தக் கரகரத்த குரலில் சிரித்தாள்.

"நெஜமாவா? காது புண்ணாப் போச்சுன்னா சொன்னாரு?"

"ஆமாம்மா."

"நாங்க முறை வெச்சு அழுதோம்ப்பா. ஒருத்திக்குத் தொண்ட கட்டினா அடுத்தவ. அவர் படுத்திருக்கற பக்கத்துச் சுவரப் பாத்து நின்னு அழுவோம். அடிச்சாங்க, சோத்த நிறுத்தினாங்க, நாங்க விடலியே. என்னிக்காவது எரிச்சல் தாங்காம விட்ருவாருன்னு. மூணு வருஷம்ப்பா." கண் பளபளத்தது. "அப்ப அவரு எரக்கப்பட்டு அனுப்பல. நாங்கதான் ஜெயிச்சிருக்கோம்."

"ஆமாம்மா. நீங்கதான்."

"அத ஏம்ப்பா அப்படியே எழுதல?"

"அப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா. ஆணைன்னா அதுக்கு ஒரு..."

மகள் எழுந்து போய் அம்மாவோடு சேர்ந்து துணி மடித்தாள்.

ஒன்பதாம் நாள் காலையில் மாட்டுவண்டிகள் தெருவுக்கு வந்தன. முப்பத்து நாலு பெண்களில் பாதிப் பேர் அதற்குள் ஏறியிருந்தார்கள். மெங் ஷூ புதிய பதவிக்கான தொப்பியோடு நின்றிருந்தார். தொப்பி இல்லாமல் வந்தால் காவலர்கள் வண்டிக்குப் பக்கத்தில் விட மாட்டார்கள். மகளுக்குக் கைகொடுத்து ஏற்றிவிட்டார்.

"தொண்டையப் பாத்துக்கோ. பேரிக்காய் கட்டி வெச்சிருக்கா அம்மா," என்றார்.

"தொண்ட எதுக்குப்பா இனிமே? அங்க போயி அழுதா யாரு கேப்பா? அவருதான் செத்துட்டாரே."

வண்டி நகர்ந்தது. இரண்டு பக்கமும் நின்ற அம்மாக்கள் அழுதார்கள், அப்பாக்கள் அழுதார்கள், காவலன் ஒருவன்கூட அழுதான். வண்டிக்குள் இருந்த பெண்கள் யாரும் அழவில்லை.